மேக நோய்ப் பிரிவுக்கு நான் வரைந்த கதவு

போன மாதம், நான் வேலை பார்த்த அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பொறியாளர் போன் செய்தார். ஜவ்வாது மலைமேல் பால்வினை நோய்களுக்கென்று புதிதாக ஒரு சிகிச்சை மையம் கட்டப் போகிறார்களாம்.

"மேடம், ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி அங்க இதே மாதிரி ஒண்ணுக்கு நீங்கதான் டிராயிங் போட்டீங்களாமே. உள்ள ரூமெல்லாம் எப்படி அமைச்சா நல்லா இருக்கும்னு ரெண்டு பக்கம் எழுதித் தர முடியுமா?"

தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் அறை அமைப்பைப் பற்றி ஒரு வரியும் ஓடவில்லை. வேறு என்னென்னவோ வந்தது. அதையே எழுதுகிறேன். வேண்டியதை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

என் ஊர் கலசப்பாக்கம். வேலூரில் ஐ.டி.ஐ.யில் கட்டட வரைவாளர் படிப்பு படித்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படித்து முடித்ததும் பொதுப்பணித் துறையின் அடிவார அலுவலகம் ஒன்றில் வேலை கிடைத்தது. எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. இரண்டு வருடம் தகுதிகாண் பருவம். அதற்குள் ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பா அப்போதே படுத்த படுக்கையாகிவிட்டிருந்தார்.

எங்கள் உதவிப் பொறியாளர் தணிகாசலம். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் பயமுறுத்தும் விதம் வேறு. நாங்கள் வரைந்து கொடுக்கும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்து வைத்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பத்து நிமிடம் பார்ப்பார். பிறகு சிவப்புப் பென்சிலால் படத்தின் மூலையில் ஒரு புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுப்பார். ஒரு புள்ளி என்றால் ஒரு தப்பு. இரண்டு புள்ளி என்றால் இரண்டு. தப்பு எங்கே என்று சொல்ல மாட்டார். நாமே தேட வேண்டும். தேடித் திருத்திக் கொண்டுபோனால் புள்ளியை ரப்பரால் அழித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். அவர் புள்ளி வைத்து, தப்பு இல்லாமல் இருந்த ஒரு படமும் எனக்கு நினைவில்லை.

இப்போது கம்ப்யூட்டரில் ஒரு தட்டலில் கோடு அழிகிறது. அன்று டிரேசிங் துணியில் இந்தியன் இங்க்கால் இழுத்த கோட்டை பிளேடின் நுனியால் சுரண்ட வேண்டும். ஒரு மயிரிழை அதிகம் சுரண்டினால் துணி பிய்ந்துவிடும். சுரண்டிய இடத்தில் சாக்பீஸ் தூள் தேய்த்துவிட்டுத்தான் மறுபடி மை வைக்கலாம், இல்லாவிட்டால் ஊறிவிடும். படம் முடிந்ததும் கண்ணாடிச் சட்டத்துக்குள் பிரிண்ட் காகிதத்தோடு சேர்த்து வைத்து மொட்டை மாடி வெயிலில் காட்டுவோம். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணி எடுக்க வேண்டும். பிறகு அம்மோனியா பெட்டிக்குள் சுருட்டி நிறுத்துவோம். கண் எரியும், மூக்கில் தண்ணீர் கொட்டும். கோடுகள் மெல்ல மேலெழும்பி வரும். கதவு வரைந்தால் அது கதவாகவே ஆகிவிடும், நான் இழுத்த கோட்டில்தான் ஒருவர் உள்ளே போய் வெளியே வரப் போகிறார் என்று அந்த வயதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தின் நடுவில் அந்த உத்தரவு வந்தது. மலைமேல் இருந்த ஓர் அரசு ஆஸ்பத்திரியோடு சேர்த்து மேக நோய்ப் பிரிவு ஒன்று தொடங்க வேண்டும். பால்வினை நோய்க்கு அன்று அதுதான் பெயர். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அந்தக் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் புளியும் சாமையும் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிடங்கு காலியாகக் கிடந்தது. அதை உள்ளே தடுத்து, அறைகளாக்கி, பிரிவை அங்கே வைப்பதாக முடிவு.

அறைகளை எப்படித் தடுப்பது என்பதற்கு மெட்ராஸிலிருந்து ஒரு மாதிரிப் படம் வந்தது. டைப் டிசைன் என்போம். எல்லா ஊருக்கும் அதே படம். நாம் செய்ய வேண்டியது அதை இந்தக் கிடங்கின் அளவுக்குள் பொருத்துவது மட்டும்.

அளவெடுக்க ஜீப்பில் போனேன். கிடங்குக்குள் புளி வாசனை சுவரிலேயே ஏறியிருந்தது. அங்கேதான் ஜெயமணி சிஸ்டரை முதலில் பார்த்தேன். சந்தவாசல்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். அந்தப் பிரிவுக்கு நர்ஸாகப் போடப்பட்டிருந்தார். டேப்பின் மறுமுனையை அவர்தான் பிடித்துக்கொண்டார். மாதிரிப் படத்தைத் தரையில் விரித்தபோது குனிந்து பார்த்தார்.

"வாசப்படி எந்தப் பக்கம் வருது?"

"முன்பக்கம், சிஸ்டர். ரோட்டப் பாத்து."

"முன்னாடி இன்னா கீதுன்னு பாத்தியா?"

வெளியே பார்த்தேன். திடல். ஜீப்புகள் நிற்கும் இடமும் அதுவே, வாரச்சந்தை கூடும் இடமும் அதுவே.

"டாக்டர் வாரத்துல ஒரு நாள்தான் கீழேர்ந்து வருவாரு. அது சந்தை நாளு. அன்னிக்கிதான் ஜீப்பு இருக்கும். மலையே இங்க வந்து நிக்கும். இதுல எந்தப் பொம்பள வாசல்ல போட்ட இந்தப் பெஞ்சில குந்துவா?"

திரும்பவும் படத்தைப் பார்த்தேன். அதைப் போட்டவர் முட்டாள் இல்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிகளில் இந்தப் பிரிவு வளாகத்தின் கடைக்கோடியில், மதிலைப் பார்த்து இருக்கும். அங்கே வாசலுக்கு வெளியே சுவர்தான். வெளிச்சம் வரட்டும் என்று பரிசோதனை மேஜையின் கால்மாட்டை வாசல் பக்கம் வைத்திருந்தார். தடுப்புச் சுவர் ஏழடி உயரம் மட்டும், மேலே காற்றோட்டத்துக்குத் திறப்பு. மதில் இருக்கும் இடத்துக்கு அது சரியான படம். இங்கே மதில் இல்லை. மேஜையில் படுத்தால் பெஞ்சில் இருப்பவருக்கும் பெஞ்சைத் தாண்டித் திடலில் நிற்பவருக்கும் தெரியும். டாக்டர் கேட்கும் கேள்வி ஏழடிச் சுவரைத் தாண்டி எல்லார் காதிலும் விழும்.

அலுவலகத்துக்குத் திரும்பி, மாதிரிப் படத்தை அப்படியே ஒரு தாளில் பொருத்தினேன். இன்னொரு தாளில் என் இஷ்டத்துக்கு ஒன்று வரைந்தேன். முன்வாசலை மூடவில்லை. பின்சுவரில் மூன்றடிக் கதவு ஒன்றைத் திறந்தேன். பின்னால் பலா மரங்களுக்கு நடுவே ஒரு தடம் ஓடியது, அது பிரசவ அறைக்கும் தடுப்பூசி போடும் இடத்துக்கும் போவது. அந்த வழியில் வருகிறவள் எதற்கு வருகிறாள் என்று யாருக்கும் தெரியாது. மேஜையைக் குறுக்கே திருப்பினேன். பரிசோதனை அறைக் கதவின் கீலை மறுபக்கம் மாற்றினேன். அப்படி மாற்றினால் கதவைத் திறந்தாலும் அந்தப் பலகையே மேஜைக்கு மறைப்பாகும். தடுப்பைக் கூரை வரை ஏற்றினேன். வாசலில் பிரிவின் பெயர் எழுதும் போர்டை எடுத்துவிட்டேன்.

இரண்டையும் தணிகாசலம் சாரிடம் வைத்தேன். என் படத்தை ஜன்னலில் வழக்கத்தைவிட நெடுநேரம் பார்த்தார். புள்ளி வைக்கவில்லை.

"இதுல தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "ஆனா இது டைப் டிசைன் இல்ல. மாத்தணும்னா மேல எழுதணும். எழுதினா இந்த வருஷம் வேலை நடக்காது. ஏன் மாத்தினேன்னு என்னைத்தான் கேப்பாங்க."

"சார், அங்க பொம்பளைங்க வர மாட்டாங்க சார்."

"வர்றதும் வராததும் சுகாதார இலாகா. நம்ம இலாகா கட்டடம்."

என் படத்தை நாலாக மடித்து மேஜை டிராயரில் போட்டுக்கொண்டு, மற்றதில் கையெழுத்துப் போட்டார். அதன் மூலையில் 'வரைந்தவர்' என்ற கட்டத்தில் என் முதலெழுத்துகள் இருந்தன. நான் வாதாடவில்லை.

கட்டடம் திறந்தாயிற்று. சிவப்பு எழுத்தில் 'மேக நோய் சிகிச்சைப் பிரிவு' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு. ஆறு மாதம் கழித்து, சுவரில் விரிசல் விட்டிருக்கிறது என்று கடிதம் வந்ததால் மறுபடி மலையேறினேன். சிமெண்டுப் பெஞ்சு புதிது போலவே இருந்தது. யாரும் உட்கார்ந்து தேயவில்லை.

"ஒருத்தி வந்தா" என்றார் ஜெயமணி சிஸ்டர். "வெள்ளச்சின்னு பேரு. ரெண்டு குழந்த வயித்திலயே செத்துப் பொறந்திச்சி. ரத்தத்த வேலூருக்கு அனுப்பிப் பாத்தோம். இருந்திச்சி. வாரத்துக்கு ஒண்ணு, மூணு வாரம் பென்சிலின் போட்டா சரியாப் போற நோவு. ஒண்ணு போட்டேன். அப்புறம் வரவே இல்ல. நாளைக்கு அவளப் பாக்கப் போறேன். நீயும் வா."

"நான் எதுக்கு சிஸ்டர்?"

"வா."

காலையில் கிளம்பி இரண்டு மணி நேரம் நடந்தோம். வெள்ளச்சி தாய்வீட்டில் இருந்தாள். புருஷன் வீட்டிலிருந்து அனுப்பிவிட்டார்கள். என் வயதுதான் இருக்கும். வாசலில் நின்று உரலில் சாமை குத்திக்கொண்டிருந்தாள். சிஸ்டரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"சிஸ்டரு, நீங்க சொன்னா எங்க வேணா வர்றேன். அந்த வூட்டுக்கு மட்டும் கூப்டாதீங்க."

"மூணு ஊசி போடணும் வெள்ளச்சி. பாதியில வுட்டா அடுத்ததும் இப்டித்தான் போவும். காசியும் வந்து போட்டுக்கணும். அவன் போடலன்னா உனக்கு மறுபடியும் வரும்."

காசி அவள் புருஷன். வருடத்தில் பாதி நாள் காப்பித் தோட்டங்களில் கூலி வேலை. நோய் அவனோடு மலையேறி வந்தது. வீட்டை விட்டுப் போனது அவள்.

வெள்ளச்சி என்னைக் காட்டிக் கேட்டாள். "இந்த அம்மா யாரு?"

"கட்டடத்துக்குப் படம் போட்டவங்க."

உலக்கை நின்றது. "நீயா அந்த வூட்ட எழுதுன?"

"ஆமாம்."

"அந்தக் கட்டில்ல ஒரு வாட்டி படுத்துப் பாத்தியா?"

"இல்ல."

"படுத்துப் பாரு. எங்க மாமியா சந்தையில புளி வித்துனு இருந்தா. காத்துக்குக் கதவு தொறந்துகிச்சி. நான் அவ மூஞ்சியப் பாத்தேன். அவ என் காலப் பாத்தா."

மறுபடி சாமை குத்தத் தொடங்கிவிட்டாள். அவள் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் சந்தை இல்லை. பரிசோதனை அறைக்குள் போய், அந்த மேஜையில் ஏறிப் படுத்தேன். சிஸ்டரிடம் கதவைத் திறந்து விடச் சொன்னேன். முழங்காலை மடக்கினேன். என் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே திடல் முழுவதும் தெரிந்தது. டீக்கடைப் பெஞ்சு தெரிந்தது. ஜீப்புக்காகக் காத்திருந்த ஒரு கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்தபடி இந்தப் பக்கம் பார்த்தார். உடம்பில் துணி முழுதாக இருக்கும்போதே என்னால் அங்கே ஒரு நிமிடம் கிடக்க முடியவில்லை.

விரிசலைப் பூச மேஸ்திரி முனுசாமி வந்திருந்தார். "மேஸ்திரி, பின்சுவர்ல மூணடிக்கு ஒரு திறப்பு விடணும்" என்றேன்.

"ஆர்டர் கீதாம்மா?"

"நான் சொல்றேன்."

அவர் என்னையும் சிஸ்டரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். கிடங்கின் பழைய கதவு ஒன்று மூலையில் கிடந்தது, அதையே மாட்டினோம். அளவைச் சுண்ணாம்பால் சுவரில் நானே குறித்தேன். டிராயரில் கிடந்த என் படத்தின் அளவு. மேஜையைக் குறுக்கே திருப்பினோம். தடுப்புக்கு மேலே மூங்கில் தட்டி அடித்தோம். சிஸ்டர் தன் பழைய நூல் புடவையைக் கிழித்துத் திரை போட்டார். போர்டைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தோம்.

அதற்கடுத்த சந்தையில் ஒருத்தி பலா மரத் தடத்தில் வந்தாள். அடுத்த வாரம் இரண்டு பேர். பிறகு ஆண்களும். நாலு மாதத்தில், முன்பக்கப் பெஞ்சு காலியாகவே இருக்க, உள்ளே சிஸ்டருக்குக் கை ஓயவில்லை. எனக்கு ஒரு கார்டு எழுதினார்: வெள்ளச்சி வந்துவிட்டாள், புருஷன் திரும்ப அழைத்துக்கொண்டு போயிருக்கிறான், மறுபடி முதலிலிருந்து ஊசி தொடங்கியிருக்கிறேன், மூன்றாவது ஊசிக்கு அவனையும் கூட்டி வருவதாகச் சொல்கிறாள். அந்தக் கார்டை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. என் வேலைக் காலம் முழுவதிலும் எனக்கு வந்த ஒரே பாராட்டு அதுதான்.

கெட்ட நேரம், அந்த வாரமே மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வந்தார்கள். தணிகாசலம் சாரும் நானும் கூடப் போனோம், மேஸ்திரியையும் வரச் சொல்லியிருந்தார்கள். வந்த அதிகாரி படத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி வந்தார். படத்தில் இல்லாத ஒரு கதவு சுவரில் இருந்தது. புடவைத் திரையைப் பிரம்பால் விலக்கி, "இதென்ன ஆஸ்பத்திரியா, குடிசையா?" என்றார். நோயாளிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. சிஸ்டர் நீட்டிய பதிவேட்டை வாங்கவும் இல்லை.

தணிகாசலம் சார் டேப்பை எடுத்து அந்தக் கதவை அளந்தார். அகலத்தை அளந்தார், உயரத்தை அளந்தார், மூலையிலிருந்து தூரத்தை அளந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. படத்தில் மயிரிழைத் தப்பைக் கண்டுபிடிக்கிற மனிதருக்கு அது தெரியாமல் போகுமா?

"யார் சொல்லி இதை உடைச்சாங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

என் தகுதிகாண் பருவம் முடிய இரண்டு மாதம் இருந்தது. வாயைத் திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டு, கையிலிருந்த அளவுப் புத்தகத்தைப் புரட்டினேன். மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் சார் மேஸ்திரிகிட்ட சொன்னேன்" என்றார் ஜெயமணி சிஸ்டர். "வேற யாருக்கும் தெரியாது."

சார் ஒரு கணம் காத்திருந்தார். நான் பேசுவேனா என்று பார்த்தார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். பிறகு சிஸ்டர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். அவருக்கும் அதுதான் வசதி. தப்பு வேறு இலாகாவின் தலையில் விழுந்தது.

கூட்டம் கலைந்ததும் சிஸ்டரிடம் ஓடினேன். "ஏன் சிஸ்டர் அப்டி சொன்னீங்க?"

"நீ சொல்லலியே" என்றார். அவ்வளவுதான். கோபம் இல்லை, குத்தல் இல்லை. "உனுக்கு வேல போயிடும். எனுக்கு மாத்தல்தான் வரும். போ, போய்ட்டு வேலயப் பாரு."

எங்கள் துறையில் எதுவும் அவ்வளவு சீக்கிரம் நடந்து நான் பார்த்ததில்லை. ஒரே வாரத்தில் சிஸ்டரைத் தெற்கே ஏதோ ஒரு கோடிக்கு மாற்றிவிட்டார்கள். தகவல் தெரிந்து நான் போவதற்குள் மலையிறங்கிவிட்டார். பின்கதவை அடைத்துப் பழையபடி ஆக்க உத்தரவு வந்தது. அடைத்த சுவரை அளந்து பதிய ஆள் வேண்டும். சார் என்னை அனுப்பினார்.

அது சந்தை நாள். முனுசாமி மேஸ்திரி காலையிலேயே செங்கல் வைத்து முடித்து, பூச்சு வேலையும் முடித்திருந்தார். சிமெண்டு ஈரம் காயவில்லை. பலா மரத்தடியில் நின்று டேப்பைப் பிரித்தபோது தடத்தில் இரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வெள்ளச்சி. நாலடி பின்னால், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள். காசிதான்.

கதவு இருந்த இடத்துக்கு வந்ததும் வெள்ளச்சி நின்றாள். ஈரச் சுவரைப் பார்த்தாள். கையால் தொட்டுப் பார்த்தாள். விரலில் சிமெண்டு ஒட்டியது.

"இன்னா இது?" என்று என்னைக் கேட்டாள்.

"மூடிட்டாங்க."

"சிஸ்டரு எங்க?"

"மாத்திட்டாங்க. வேற சிஸ்டர் உள்ள இருக்காங்க. முன்பக்கமா போகணும்."

காசி சுவரையும் பார்த்தான், கட்டடத்தைச் சுற்றி வந்த சந்தை இரைச்சலையும் கேட்டான். "முன்னாடி நான் வர்ல" என்றான். "அங்க எங்க ஊர்க்காரனுங்க அத்தினி பேரும் கீறானுங்க."

"இம்மாந்தூரம் வந்துட்டு..." என்று அவள் தொடங்கினாள்.

அவன் காத்திருக்கவில்லை. வந்த தடத்திலேயே திரும்பி நடந்தான். அவள் இரண்டு முறை பேர் சொல்லாமல் கூப்பிட்டாள். மரங்களுக்கு நடுவே அவன் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தாண்டி, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனாள்.

நானும் பின்னால் போனேன். சந்தை முழுவதும் பார்க்க அந்தப் பெஞ்சில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். முதுகு வளையவில்லை. புது நர்ஸ் உள்ளேயிருந்து அவள் பேரைச் சொல்லி, எத்தனாவது ஊசி என்று உரக்கக் கேட்டார். "மூணாவது" என்று வெள்ளச்சி அதைவிட உரக்கச் சொன்னாள். உள்ளே போனாள்.

கதவு சரியாகச் சாத்தவில்லை. என்னால் முடிந்ததெல்லாம், அந்த இடைவெளிக்கு நேரே திடலைப் பார்த்தபடி நின்றதுதான். ஊசி போட்டு வெளியே வந்தவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் அளவுப் புத்தகத்தில் சுவரின் நீளம், உயரம், கனம் எழுதிக் கையெழுத்திட்டேன்.

இரண்டு மாதம் கழித்து என் வேலை நிரந்தரமானது. முதுநிலை வரைவாளராக ஓய்வு பெற்றேன். தணிகாசலம் சார் அந்தக் கதவைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை. என் ரகசியக் குறிப்பில் 'கவனமானவர்' என்று எழுதியிருந்ததாகப் பிறகு தெரிந்தது. மேக நோய்ப் பிரிவு சில வருடங்களில் மூடப்பட்டது. மலைமக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று காரணம் எழுதினார்கள். அந்த அறையில் பிளீச்சிங் பவுடர் மூட்டைகளை அடுக்கினார்கள். அதற்கான படத்தையும் நான்தான் வரைந்தேன்.

வேலை நிரந்தரமான அதே மாதம் ஜெயமணி சிஸ்டரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தன்னைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. வெள்ளச்சி மூன்றாவது ஊசி போட்டுக்கொண்டாளா, காசி வந்தானா, அவன் போட்டுக்கொள்ளாவிட்டால் இவளுக்குப் போட்டதெல்லாம் வீண், தயவுசெய்து விசாரித்து எழுது என்று கேட்டிருந்தார்.

விசாரிக்க ஒன்றும் இல்லை. காசி வந்தான். ஈரச் சுவர் வரைக்கும் வந்தான். நான் டேப்பும் கையுமாக அங்கேயே நின்றிருந்தேன். இதை எழுதக் கார்டில் நாலு வரி போதும். மூன்று நாள் அதை மேஜையில் வைத்திருந்தேன். கடைசியில், 'வெள்ளச்சி போட்டுக்கொண்டாள். அவனைப் பற்றித் தெரியவில்லை, விசாரித்து எழுதுகிறேன்' என்று எழுதித் தபாலில் போட்டேன்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. அவரும் கேட்கவில்லை.